ஜிம்னிக்கு லிஃப்ட் கிட்: வாங்குமுன்னும் பொருத்துமுன்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுஸுகி ஜிம்னி வைத்திருக்கும் நம்மவர்கள் வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. 2018இல் ஜப்பானில் அறிமுகமாகி 2021இல் மலேசியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்த ஜேபி74 என்னும் 1.5 லிட்டர் ஜிம்னியே இங்கு முதன்மையாகப் பேசப்படுகிறது. அதற்கு முந்தைய 1.3 லிட்டர் ஜேபி43 வண்டிக்கும் பெரும்பாலான விடைகள் பொருந்தும். இரண்டிலும் முன்னும் பின்னும் ஒரே இரும்புக் குழாயாலான உறுதியான அச்சும் சுருள் ஸ்பிரிங்குகளும்தான் இருக்கின்றன.

லிஃப்ட் கிட் என்று விற்கப்படும் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும்?

குறைந்தபட்சம் நான்கு ஸ்பிரிங்குகளும் அவற்றின் உயரத்திற்கேற்ற நீளமுடைய நான்கு அப்சர்பர்களும் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய்கள்) இருக்க வேண்டும். இவை மட்டுமே இருந்தால் அது பாதிக் கிட்தான். 40 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தும் முழுமையான கிட்டில் காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் கோட்டின் சாய்வை) திருத்தும் புஷ்கள் (இணைப்புகளில் பொருந்தும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் உறைகள்), நீளத்தை மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடுகள் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பிகள்), நீண்ட பிரேக் ஹோஸ்கள், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கான நீண்ட இணைப்புகள், தேவைக்கேற்ற பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலேறுவதை எல்லையில் தடுக்கும் ரப்பர்) நீட்சிகள் ஆகியவையும் சேர்ந்திருக்கும். விலையை ஒப்பிடும்போது பலர் செய்யும் பிழை, ஒரு கடையின் பாதிக் கிட்டையும் இன்னொரு கடையின் முழுக் கிட்டையும் அருகருகே வைத்து முதலாவது மலிவு என்று முடிவு செய்வது.

என் வண்டியை உயர்த்துவது உண்மையிலேயே அவசியமா?

பலருக்கு அவசியமில்லை. ஜேபி74 தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 210 மில்லிமீட்டர் தரை இடைவெளியும், முன்புறம் 37 பாகை அணுகு கோணமும், பின்புறம் 49 பாகை விலகு கோணமும் (பம்பர் இடிக்காமல் ஏறி இறங்கக்கூடிய சரிவு) கொண்டது. ஹுலு லங்காட்டின் பழத்தோட்டப் பாதைகளுக்கோ ஜண்டா பாய்க் பகுதியின் ஆற்றோர முகாம்களுக்கோ காய்ந்த நாளில் போய்வர நல்ல டயரும் சற்று நிதானமும் போதும்.

வாங்குபவர்களில் பெரும்பாலோர் அறியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறுதியான அச்சுள்ள வண்டியில் சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும், அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃப்ரன்ஷியல் கூடு ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஏனெனில் அச்சு சக்கரத்தோடு இணைந்தது, ஸ்பிரிங்கோ அச்சுக்கும் உடலுக்கும் இடையே இருப்பது. டிஃப்ரன்ஷியலைக் கல்லுக்கு மேலே தூக்குவது பெரிய டயர் மட்டுமே. அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் கிடைக்கும்.

அப்படியானால் சஸ்பென்ஷனை உயர்த்துவதால் என்ன பயன் என்று கேட்கலாம். சேஸி (வண்டியின் அடிச்சட்டம்), டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பகிரும் பெட்டி), வண்டியின் வயிற்றுப்பகுதி ஆகியவை மேலே போகின்றன. மேட்டின் உச்சியில் வயிறு தட்டி நிற்பது குறைகிறது. முன் பம்பரும் பின் பம்பரும் சரிவில் இடிப்பது குறைகிறது. பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடம் கிடைக்கிறது. நீண்ட அப்சர்பரால் சக்கரம் பள்ளத்துக்குள் இன்னும் சற்று இறங்கித் தரையைப் பற்றுகிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் பயணங்களில் மீண்டும் மீண்டும் தடையாக இருந்தால் உயர்த்துங்கள். தோற்றத்திற்காக உயர்த்துவதும் குற்றமல்ல, ஆனால் அதற்கான விலையைச் சாலையில் ஒவ்வொரு நாளும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்து செய்யுங்கள்.

எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?

தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டிக்கு 40 முதல் 50 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 2 அங்குலம், நியாயமான எல்லை என்பது எங்கள் கருத்து. அதுவரை அச்சு, சக்கரக் கோண மாற்றங்களைப் புஷ்களாலும் மாற்றக்கூடிய ராடுகளாலும் சரிசெய்ய முடிகிறது. காராக் நெடுஞ்சாலையின் வளைவுகளில் வண்டி இன்னும் வண்டியாகவே நடந்துகொள்கிறது. 3 அங்குலத்தைத் தாண்டினால் அச்சுக்கு விசை கொண்டுசெல்லும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கோணம், பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் இணைப்புகள், கை பிரேக் கேபிள் என ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவாகத் திறந்துகொள்கிறது.

1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்னும் காட்டுப்பாதை வாகனப் போட்டியின் படங்களில் தெரியும் உயரமான ஜிம்னிகளைக் காட்டி இதே அளவு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மழைக்காலத்துச் சேற்றில் வின்ச் (கம்பிவட இழுவை இயந்திரம்) இழுத்து முன்னேறுவதற்காகவே அச்சு முதல் கியர் வரை மாற்றிக் கட்டப்படும் போட்டி வண்டிகளை, கெப்போங்கிலிருந்து பங்சாருக்கு அலுவலகம் போகும் வண்டியோடு ஒப்பிடுவது பொருந்தாது.

ஸ்பிரிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உயரத்தைக் கொண்டு அல்ல, எடையைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேபி74 ஏறத்தாழ 1,100 கிலோகிராம் எடையுள்ள சிறிய வண்டி. இதில் 70 கிலோகிராம் சேர்வது ஒரு பெரிய பிக்கப்பில் சேர்வதைப் போன்றதல்ல. இங்கு அது வண்டியின் நிற்கும் உயரத்தையே மாற்றிவிடும். எனவே கடைக்காரரிடம் பேசுவதற்கு முன்பே, வண்டியில் நிரந்தரமாக இருக்கப்போகும் பொருள்களைப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள்: இரும்பு முன் பம்பர், வின்ச், கூரைக் கேரியர், பின்பகுதி இழுப்பறை, கூடுதல் பேட்டரி. முகாமுக்குப் போகும் இரண்டு நாள் மட்டும் ஏற்றும் சாமான்களை இதில் சேர்க்க வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் ஒரே உயரத்தை இரண்டு மூன்று எடை வகைகளில் தருகிறார்கள். முன்னால் எந்த இரும்பும் சேர்க்காத வண்டிக்கு வின்ச்சுக்கான கனத்த ஸ்பிரிங்கைப் போட்டால், அறிவித்த 40 மில்லிமீட்டருக்குப் பதிலாக முன்புறம் 60, 65 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். மூக்கு வானத்தைப் பார்க்கும், வேகத்தடைகளில் வண்டி குதிக்கும், காஸ்டர் கோணம் கணித்ததைவிட அதிகமாகக் குறையும். எதிர்காலத்தில் வின்ச் வாங்குவேன் என்று இப்போதே கனத்த ஸ்பிரிங் போடுபவர்களில் பலர் வின்ச்சை வாங்குவதே இல்லை. இன்றைய எடைக்கு வாங்குங்கள். பின்னால் வின்ச் வந்தால் முன் ஸ்பிரிங் இரண்டை மட்டும் மாற்றுவது பெரிய வேலையல்ல.

பல கிட்களில் இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் ஒன்றல்ல. ஓட்டுநரின் எடையையும் எரிபொருள் தொட்டியையும் கணக்கில் கொண்டு ஒரு பக்கம் சற்று உயரமாக இருக்கும். நம் நாட்டு வண்டிகள் வலப்பக்க ஸ்டியரிங் கொண்டவை என்பதால், ஐரோப்பாவிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் கிட் எந்தப் பக்கத்துக்கானது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் மட்டும் வைத்தால் போதாதா? செலவு மிகக் குறைவாக இருக்கிறதே.

20 மில்லிமீட்டர் வரை, பழைய அப்சர்பர் நல்ல நிலையில் இருந்தால், பெரிய தீங்கு இல்லை. 40, 50 மில்லிமீட்டர் ஸ்பேசரைப் பழைய அப்சர்பருடன் பொருத்துவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். அப்சர்பரின் நீளம் மாறாதபோது, அது விரிவதற்கு இருந்த இடத்தை ஸ்பேசர் தின்றுவிடுகிறது. சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலே அப்சர்பர் முழுதாக விரிந்து உள்ளே அடிக்கும். அந்தத் தட்டல் ஒலியைக் கேட்டுக்கொண்டே சில மாதம் ஓட்டியபின் சீல் கிழிந்து எண்ணெய் வடியும். பிறகு புதிய அப்சர்பர் வாங்கும்போது, சேமித்த பணம் கூலியோடு சேர்ந்து திரும்பப் போய்விடும்.

பாடி லிஃப்ட் எப்படி?

சேஸிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தாங்கிகளுக்குக் கீழே கட்டைகளை வைத்து உடலை மட்டும் தூக்கும் முறை அது. டயருக்கு இடம் தரும். சேஸியையோ அச்சையோ உயர்த்தாது. ஸ்டியரிங் தண்டு, கியர் நெம்புகோல், ரேடியேட்டர் காற்றுமறைப்பு, வயரிங் ஆகியவற்றை இழுக்கக்கூடியது. சட்ட நோக்கிலும் கேள்விக்கு இடம் கொடுப்பது. சாலை வண்டிக்கு வேண்டாம்.

எந்த நிறுவனத்தின் பொருள் நல்லது?

ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் ஓல்ட் மேன் எமு, அதே நாட்டின் அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ், தாய்லாந்தின் ப்ரோஃபெண்டர் ஆகியவை இங்குள்ள பட்டறைகளில் பரிச்சயமானவை. இவற்றுள் எது சிறந்தது என்பதைவிட, எதற்கு உதிரிப்பாகம் கோலாலம்பூரிலேயே கிடைக்கும், எதன் அப்சர்பரைத் திறந்து பழுதுபார்க்க முடியும், உத்தரவாதத்தை யார் ஏற்பார்கள் என்ற கேள்விகளே முக்கியம்.

அப்சர்பர் வகையைப் பொறுத்தவரை, நகரத்திலும் செம்மண் பாதையிலும் ஓடும் வண்டிக்கு வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் அப்சர்பர் மென்மையாகவும் போதுமானதாகவும் இருக்கும். ஒற்றைக் குழாய் வகை வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். நீண்ட தோட்டச் சாலைகளில் வேகமாக ஓட்டுபவர்களுக்கு அது பயன்படும். ஆனால் அதன் வெளிக்குழாயில் கல் பட்டு நசுங்கினால் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும். பக்கத்தில் தனி உருளை தொங்கும் விலையுயர்ந்த அப்சர்பர்கள் இவ்வளவு எடை குறைந்த வண்டிக்கு அழகுப் பொருள்தான் என்பது எங்கள் எண்ணம்.

வெட்டிக் கொண்டுவந்த பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் கிடைக்கும் பழைய ஸ்பிரிங்கை, துருவும் கீறலும் இல்லாவிட்டால், பாக எண்ணைச் சரிபார்த்து வாங்கலாம். பழைய அப்சர்பரை வாங்க வேண்டாம்.

உயர்த்திய பிறகு ஸ்டியரிங் லேசாகி, நெடுஞ்சாலையில் வண்டி அலைவதாகச் சொல்கிறார்கள். ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஜிம்னியின் முன் அச்சை இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. அவை அச்சிலிருந்து பின்னோக்கிச் சென்று சேஸியில் இணைகின்றன. உடல் உயரும்போது கையின் பின்முனை மேலே போகிறது, முன்முனை அச்சோடு கீழேயே நிற்கிறது. கை சாய்வதால் அதோடு இறுக்கமாகக் கட்டப்பட்டுள்ள அச்சும் சுழல்கிறது. சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோடு பக்கவாட்டில் பார்க்கும்போது சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வே காஸ்டர் கோணம். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராவதும், வேகத்தில் வண்டி நேர்கோட்டில் நிற்பதும் அதனால்தான். அச்சு சுழன்றதும் அந்தச் சாய்வு குறைகிறது. ஓட்டுநருக்கு முதலில் ஸ்டியரிங் இதமாகிவிட்டதுபோல் தோன்றும். பின்பு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்து கடந்துபோகும்போது உண்மை தெரியும்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. முதலாவது, துளை மையத்திலிருந்து விலகியிருக்கும் காஸ்டர் புஷ்களைக் கைகளின் அச்சு முனையில் பொருத்துவது. 40, 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு இது போதும், செலவும் குறைவு. இரண்டாவது, கோணம் திருத்தி வார்க்கப்பட்ட புதிய கைகளைப் போடுவது. 3 அங்குலத்துக்கு இதுவே முறையானது. மூன்றாவது, கைகளின் சேஸி முனையைக் கீழிறக்கும் தாங்கிகள். இவை கோணத்தைத் திருத்தினாலும், தரையில் இடிக்கும் இன்னொரு பொருளை வயிற்றுக்கடியில் தொங்கவிடுகின்றன.

காஸ்டர் புஷ்கள் பெரும்பாலும் பாலியூரித்தேனில் வருகின்றன. கடினமானவை என்பதால் அவை அச்சு முறுக்கி அசைவதைச் சற்றுக் கட்டுப்படுத்தும். நம் ஊர் மழையிலும் சேற்றிலும் கிரீஸ் வறண்டால் கிறீச்சிடும். ரப்பரில் கிடைத்தால் ரப்பரையே வாங்குங்கள். புஷ்ஷைத் தவறான திசையில் அழுத்திப் பொருத்தினால் கோணம் கூடுவதற்குப் பதில் இன்னும் குறையும் என்பதால், அழுத்துமுன் குறியிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் கைப்பிடி கடுமையாக உதறுவது வேறு சிக்கல். தேய்ந்த கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் ஆணியின் தாங்கி), தளர்ந்த பான்ஹார்டு புஷ், சமன் செய்யாத டயர் ஆகியவையே பெரும்பாலும் அதன் காரணங்கள். லிஃப்ட் அதை உண்டாக்குவதில்லை. ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவருகிறது. ஆகவே ஜேபி43 போன்ற வயதான வண்டியில் முதலில் அந்தத் தேய்மானங்களைச் சரிசெய்துவிட்டே கிட் வாங்க வேண்டும். ஸ்டியரிங் அதிர்வை உள்வாங்கும் டாம்பர் ஒன்றைப் புதிதாகப் போட்டு உதறலை அடக்குவது, காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது.

பான்ஹார்டு ராடு எதற்கு? அதை மாற்றாமல் விட்டால் என்ன?

அச்சு இடம் வலமாக நகராமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி அது. ஒரு முனை சேஸியிலும் மறுமுனை அச்சிலும் இருக்கும். உடல் உயரும்போது கம்பி மேலும் சாய்வதால் அதன் கிடைநீளம் குறைகிறது. அச்சு சேஸி முனை உள்ள பக்கமாக இழுக்கப்படுகிறது. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்க டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப்பார்ப்பதும் மறுபக்கம் உள்ளே ஒதுங்கியிருப்பதும் இதனால்தான். 2 அங்குலத்தில் விலகல் சில மில்லிமீட்டர்களே என்பதால் சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீளத்தை மாற்றக்கூடிய ராடு போட்டால் நேராகிவிடும்.

முன்புறத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஸ்டியரிங்கை இழுக்கும் டிராக் லிங்க் கம்பியும் பான்ஹார்டு ராடும் ஏறத்தாழ இணையாக இருக்கும்படி அமைக்கப்பட்டவை. பான்ஹார்டு ராடை மட்டும் தாங்கி வைத்துக் கீழிறக்கி, டிராக் லிங்கை அப்படியே விட்டால், ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஒன்றின் சாய்வை மாற்றினால் மற்றதன் சாய்வையும் மாற்றுங்கள், அல்லது இரண்டின் சாய்வையும் தொடாதீர்கள்.

எந்த டயர் அளவு பொருந்தும்?

ஜேபி74இன் மூல அளவு 195/80ஆர்15. அதன் விட்டம் ஏறத்தாழ 693 மில்லிமீட்டர். 215/75ஆர்15 போட்டால் 703 ஆகும். லிஃப்ட் இல்லாமலேயே பெரும்பாலும் பொருந்தும். பலரும் விரும்பும் 235/75ஆர்15 ஏறத்தாழ 733 மில்லிமீட்டர். விட்டம் 40 கூடுவதால் டிஃப்ரன்ஷியலுக்கு 20 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். 2 அங்குல லிஃப்டுடன் இது பொருந்தினாலும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது முன்புறக் கைகளிலோ பம்பர் விளிம்பிலோ உரசக்கூடும். ரிம்மின் ஆஃப்செட்டை (அது எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி அமர்கிறது என்பதை) பொறுத்து இது மாறும்.

235 டயருடன் வேகமானி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைத்துக் காட்டும். அது 110 என்று காட்டும்போது சக்கரம் 116இல் உருண்டுகொண்டிருக்கும். ஆனால் தொழிற்சாலை வேகமானிகள் இயல்பாகவே சற்றுக் கூட்டிக் காட்டுபவை என்பதால், ஜிபிஎஸ்ஸுடன் ஒப்பிட்டு உங்கள் வண்டியின் உண்மை நிலையைத் தெரிந்துகொள்வது நல்லது. 130 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசையும் 4 கியர் தானியங்கிப் பெட்டியும் கொண்ட வண்டி, கனத்த மட் டெரெய்ன் (சேற்றுத் தரைக்கான) டயருடன் கெந்திங் மேட்டில் திணறுவதும் நிச்சயம். ஆல் டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான) வகையில் எடை குறைந்த டயரைத் தேடுங்கள்.

சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே என்ன சொல்லும்? காப்புறுதி செல்லுபடியாகுமா?

வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும், மோட்டார் வாகனங்களின் கட்டமைப்பு, பயன்பாடு குறித்த 1959ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டது. பட்டறைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது அனுமதி ஆகாது. வேலையைத் தொடங்குமுன் ஜேபிஜே அலுவலகத்தில் உங்கள் மாடலையும் உத்தேசித்த உயரத்தையும் சொல்லி, எது ஏற்கத்தக்கது, எதற்கு விண்ணப்பமும் பரிசோதனையும் தேவை என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் பெறுங்கள். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, உரசித் தேய்ந்த பிரேக் குழாய் ஆகியவை சாலைச் சோதனையில் முதலில் கண்ணில் படுபவை.

காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுதித் தெரிவித்து, அவர்கள் ஏற்றதற்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம் இழப்பீடு கோரும் நாளில்தான் பேசுபொருளாகும். புதிய வண்டியாக இருந்தால் விற்பனையாளரின் உத்தரவாதம் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பகுதிகளுக்கு என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

லிஃப்டோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் ஒன்று: காப்புக்காடுகளுக்குள் வண்டி கொண்டுபோக மாநில வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும். உயரமான வண்டி அனுமதிச் சீட்டு அல்ல.

பட்டறையை எப்படித் தேர்வு செய்வது?

பொருள் விலை, கூலி, அலைன்மெண்ட் (சக்கரக் கோணச் சீரமைப்பு) கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பிறகு இரண்டே கேள்விகள் போதும். புஷ்களின் போல்ட்டுகளை எப்போது இறுக்குவீர்கள் என்று கேளுங்கள். வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நின்ற பிறகு என்பதே சரியான விடை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் எந்நேரமும் முறுக்கிய நிலையில் இருந்து விரைவில் கிழியும், நிற்கும் உயரமும் தவறாகக் காட்டும். அடுத்து, வேலை முடிந்ததும் காஸ்டர் அளவைத் தாளில் தருவீர்களா என்று கேளுங்கள். "டோ மட்டும் பார்த்தால் போதும்" என்று, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு மட்டும் போதும் என்று சொல்லும் இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ நமக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருப்பார். எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் அவரையே நம்பிப் போயிருப்போம். அவர் உறுதியான அச்சுள்ள வண்டிகளை முன்பே உயர்த்தியிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்கு ஃபோர்வீல் வண்டிகளையே பார்க்கும் பட்டறைக்குப் போவதை அவர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

நானே வீட்டில் பொருத்த முடியுமா?

கருவியும் உறுதியான சிமெண்டுத் தரையும் உதவிக்கு ஒருவரும் இருந்தால் முடியும். சுருள் ஸ்பிரிங் கொண்ட உறுதியான அச்சில், ஸ்பிரிங்கை அழுத்தும் ஆபத்தான கருவி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சேஸியை ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தி, அச்சை ஜாக்கியில் தாங்கி, அப்சர்பரையும் ஸ்டெபிலைசர் இணைப்பையும் கழற்றிவிட்டு அச்சை மெல்ல இறக்கினால், ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். அச்சை இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், டிஃப்ரன்ஷியலின் மூச்சுக்குழாய் ஆகியவை எவ்வளவு இழுபடுகின்றன என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அச்சின் எடையை ஹோஸ் தாங்கும் நிலை ஒரு நொடிகூட வரக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது.

காஸ்டர் புஷ்ஷை அழுத்த ஹைட்ராலிக் பிரஸ் தேவை. அந்தப் பகுதியை மட்டும் பட்டறையில் கொடுக்கலாம். கொண்டோமினிய வாகன நிறுத்துமிடத்தில் இந்த வேலையைத் தொடங்கினால் நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆள் வருவதற்குள் முடித்துவிட முடியாது.

பொருத்திய பின் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் வேலைக்கு முன்பு அளந்து குறித்துக்கொண்டு, பின்பும் அளக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள உயரத்தை நம்ப வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும் அழுந்திய நிலையிலும் பிரேக் ஹோஸ்கள் இழுபடாமலும் உரசாமலும் இருப்பதைப் பாருங்கள். முழுதாக அழுந்தும்போது அப்சர்பருக்கு முன்பாகப் பம்ப் ஸ்டாப் தொட வேண்டும். அப்சர்பர் முதலில் முட்டினால் அது விரைவில் உடையும்.

உடல் உயர்ந்ததும் டிராக் லிங்க் இழுபடுவதால் ஸ்டியரிங் கைப்பிடி கோணலாக நிற்கும். இதைக் கைப்பிடியைக் கழற்றி நேராக மாட்டிச் சரிசெய்யக்கூடாது, டிராக் லிங்கின் நீளத்தை மாற்றியே சரிசெய்ய வேண்டும். ஜேபி74இன் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு அமைப்பு ஸ்டியரிங் கோணத்தை அளந்துகொண்டே இருப்பது. கோணம் பொய்யாக இருந்தால் நேர்சாலையிலேயே எச்சரிக்கை விளக்கு எரியலாம், அல்லது தேவையில்லாமல் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடிக்கலாம். முன்கண்ணாடிக்குப் பின்னால் தானியங்கி பிரேக்குக்கான கேமரா உள்ள வண்டியானால் அதையும் மறு அளவீடு செய்யச் சொல்லுங்கள். முன்விளக்கின் கோணத்தைத் தாழ்த்துவதை எல்லோரும் மறக்கிறார்கள்.

பழைய வண்டிகள் சிலவற்றில் பின் அச்சோடு இணைந்த ஒரு சிறு நெம்புகோல், சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும். உடல் உயர்ந்தால் சுமை இல்லை என்று அது எண்ணிப் பின் பிரேக்கைக் குறைக்கும். அதன் இணைப்பையும் திருத்த வேண்டும். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கி, அலைன்மெண்டையும் இன்னொரு முறை பாருங்கள். அதற்குள் ஸ்பிரிங் சற்று அமர்ந்திருக்கும்.

உயர்த்தினால் வெள்ளத்தில் ஓட்டலாமா?

2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவும் ஹுலு லங்காட்டும் மூழ்கியதிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாகக் கேட்கப்படுகிறது. 50 மில்லிமீட்டர் லிஃப்ட் காற்று உறிஞ்சும் வாயைத் தரையிலிருந்து 50 மில்லிமீட்டர் உயர்த்துகிறது, அவ்வளவுதான். அச்சுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சூடான டிஃப்ரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குழாயைப் பானட்டுக்குள் உயரமான இடத்துக்கு நீட்டுவது மிக மலிவான வேலை. லிஃப்ட் போடும் அதே நாளில் செய்துவிடலாம். ஓடும் வெள்ளத்தில் இவ்வளவு எடை குறைந்த வண்டி எளிதில் மிதந்து நகரும். உயரம் அதைத் தடுக்காது.

கடைத்தொகுதிகளின் வாகன நிறுத்துமிடத்தில் நுழைய முடியுமா?

ஜேபி74இன் உயரம் ஏறத்தாழ 1,720 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் லிஃப்டும் 235 டயரின் 20 மில்லிமீட்டரும் சேர்ந்தால் 1,790. 2 மீட்டர் தடுப்புக்கம்பிக்குக் கீழே தாராளமாகப் போகலாம். கூரைக் கேரியரும் அதன்மேல் கூடாரமும் வந்தால் கணக்கு மாறிவிடும். அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

என்னுடையது லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) உள்ள பழைய எஸ்ஜே410. இவையெல்லாம் பொருந்துமா?

டயர், பிரேக் ஹோஸ், சட்டம் பற்றியவை பொருந்தும். ஸ்பிரிங் பற்றியவை பொருந்தாது. அதில் புதிய வளைவுள்ள லீஃப் கட்டு போடுவதே நல்ல வழி. லீஃபைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிளை மிக நீளமாக்குவது காஸ்டரைக் கெடுக்கும். அச்சுக்கு மேலே லீஃபை மாற்றிக் கட்டும் முறை பெரிய உயரம் தந்தாலும், ஸ்டியரிங் இணைப்புகளை முழுதாக மறுபடி அமைக்காமல் சாலையில் ஓட்டத்தக்கதல்ல.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

ஸ்பிரிங், அப்சர்பர், பான்ஹார்டு ராடு, பழைய புஷ், போல்ட்டுகள் எல்லாவற்றையும் முன், பின், இடம், வலம் என்று எழுதி ஒட்டி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கைமாற்றும்போது பரிசோதனையில் சிக்கல் எழுந்தாலும், வாங்குபவர் மூல நிலையில் கேட்டாலும் அவை தேவைப்படும். பட்டறையிலேயே விட்டுவந்தால் மறுவாரம் கேட்கும்போது பெரும்பாலும் இருக்காது. கிட்டின் ரசீதையும் அலைன்மெண்ட் தாளையும் அதே பெட்டிக்குள் போட்டுவையுங்கள்.